டூங்கபியில் மறித்த பொலிஸ்

ஜூன் 11, செவ்வாய்

மகள் மதுராவை டான்ஸ் வகுப்பில் இருந்து கூட்டி வரும்போது பக்கத்துப் புறநகரான டூங்கபியில் பொலிஸ் எங்கள் காரை மறித்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறோமா என்று பார்க்கும் வழக்கமான சோதனைதான். எல்லாக் கார்களையும் மறித்தார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் உடம்பு சொல்வழி கேட்கவில்லை. லைசென்ஸோடு, இந்த நாட்டில் தங்க எங்களுக்குத் தந்த தற்காலிக விசாக் கடிதத்தையும் நீட்டிவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, யுத்த காலத்தில் வவுனியாச் சோதனைச்சாவடியில் நின்றதுபோல இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்தப் பொலிஸ்காரப் பெடியன் திகைத்துப்போனான். என்னைத் திரும்பக் காருக்குள் இருத்தி, கருவியில் ஊதச் சொன்னான். கடிதத்தை வாசிக்காமலே தந்து, போகலாம் என்றான்.

மதுரா படுக்கப் போகும்போதுதான் கேட்டாள்.

"அப்பா, அவர் கையைத் தூக்கச் சொல்லேல்லையே. ஏன் தூக்கினீங்கள்?"

"பழைய பழக்கம் பிள்ளை."

"நான் இங்கதானே பிறந்தனான். என்ர பேரும் அந்தக் கடிதத்தில இருக்கோ?"

"ஓம்" என்றேன்.

லைட்டை நூர்க்க வேண்டாம், எரியட்டும் என்றாள். அவள் நித்திரையாகி வெகுநேரமாகிவிட்டது. அறையில் இன்னும் வெளிச்சம் எரிகிறது. எனக்கும் எழும்பிப் போய் அதை நூர்க்க மனம் வரவில்லை.