பேச்சியம்மாள் சொல்லாத வாக்கியம்

2 டிசம்பர் 1999, வியாழன்

மாநாட்டுக்கு இன்னும் இரண்டு வாரம். இன்று முழுக்க பேட்ஜ் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நீல அட்டை, டெல்லி, கல்கத்தாக்காரர்களுக்குப் பச்சை, எங்களுக்கு மஞ்சள். நீலத்திலும் பச்சையிலும் பெயர், பல்கலைக்கழகம், ஆய்வுத் தலைப்பு எல்லாம் உண்டு. மஞ்சளில் பெயருக்குக் கீழே ‘லோக்கல் கமிட்டி’ என்று மட்டும்தான். சாப்பாடும் மஞ்சளுக்குக் கடைசிப் பந்தி.

ஐந்து வருடமாகத் திருவனந்தபுரத்தில் இந்த இன்ஸ்டிட்யூட்டில் ஆராய்ச்சி செய்கிறேன். வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டுகளுக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து போன குடும்பங்களைப் பற்றி. தெற்காசிய ஆய்வு என்று இவர்கள் விமானம் ஏறி வந்து பேசப்போகிற விஷயம் எனக்கு ஒரு பஸ் தூரம். ஆனால் நான் பேட்ஜுக்கு ஊக்கு குத்திக்கொண்டிருக்கிறேன்.

பிச்சுமணி சார்தான் மாநாட்டுச் செயலாளர், எனக்குக் கைடும் அவர்தான். “லோக்கல் கமிட்டில இருந்தா நாலு பேரத் தெரிஞ்சுக்கலாம், கேட்டியா? நெட்வொர்க்கிங்னா அதாக்கும்” என்றார். நாலு பேரைத் தெரிந்துகொள்ள அவர்களுடைய பெட்டியைத் தூக்க வேண்டுமா? கேட்கவில்லை.

ஒரே ஆறுதல், பதினேழாம் தேதி மத்தியானம் எனக்கும் ஒரு கால்மணி நேரம் தந்திருக்கிறார்கள். தீசிஸின் நாலாம் அத்தியாயத்தை வாசிக்கப் போகிறேன். அது நன்றாக வந்திருக்கிறது. எனக்கே தெரிகிறது.

6 டிசம்பர், திங்கள்

சைவம் எத்தனை பேர், அசைவம் எத்தனை பேர் – இதற்காகவா எம்.ஃபில். படித்தேன்?

13 டிசம்பர், திங்கள்

வெளிநாட்டுப் பேராசிரியர் ஹெலன் மார்டேல் வந்துவிட்டாள். மாநாட்டின் முதல் உரை அவளுடையது. ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்து, பக்கத்தில் நின்றவரிடம், “இவள்தான் என் மொழிபெயர்ப்பாளர்” என்று அறிமுகம் செய்தாள். ‘என்’! மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் எஸ்டேட்டில் அவளுக்கு மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.

உரையை என் கையில் கொடுத்து எல்லாருக்கும் பிரதி எடுக்கச் சொன்னாள். ஸ்டாச்யூ ஜங்ஷனில் ஃபோட்டோஸ்டாட் கடையில் நிற்கும்போது முதல் பக்கத்தைப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே, சாய்ந்த எழுத்தில்:

‘ஊர் என்பது பிறந்த இடம் இல்லை. நம்முடையவர்களைப் புதைத்த இடம்.’ – பேச்சியம்மாள், கொழுந்து பறிப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்.

அது என் வாக்கியம். பேச்சியம்மாள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அது நான் சொன்னது!

கடைக்காரன் “எத்தற காப்பி, சேச்சி?” என்று மூன்று தடவை கேட்டிருக்கிறான்.

14 டிசம்பர், செவ்வாய்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். கோபத்தில் எதையும் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.

ஹெலனுக்கு ஒரு பழக்கம். நாங்கள் தமிழில் பேசும்போது டேப்பை நிறுத்திவிடுவாள். நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியதும் ஓடவிடுவாள். “எனக்குப் புரியாததைப் பதிவு செய்து என்ன பயன்? கேசட் வீண்” என்பாள். அன்று பேச்சியம்மாளிடம், உங்கள் குடும்பம் ஏன் திருநெல்வேலிக்குத் திரும்பிப் போகவில்லை என்று கேட்கச் சொன்னாள். பேச்சியம்மாள் சொன்ன பதிலை அப்படியே சொன்னேன். ஹெலனுக்கு அது ருசிக்கவில்லை. சிரித்துவிட்டு, ‘வேறு?’ என்றாள். அப்போதுதான் நான், இது அவர் சொன்னதல்ல, எனக்குத் தோன்றுவது என்று சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருப்பது என் குரல் மட்டும். தன் ஊருக்குப் போய் எழுதும்போது என் முன்னுரையை வெட்டிவிட்டாள். மிச்சம் பேச்சியம்மாள் கணக்கில் போய்விட்டது.

அந்த வாக்கியம் எனக்கு எப்படி வந்தது? அப்பா செத்து வருடம் திரும்பியிருந்த சமயம். அண்ணன் நாகர்கோவிலுக்கு வந்துவிடச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அம்மா பாறசாலையை விட்டு அசையவில்லை. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்பாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஊறியது அது. அதை வைத்துத்தான் நாலாம் அத்தியாயம் முழுக்கக் கட்டியிருக்கிறேன். இப்போது வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? ஹெலனிடமிருந்து எடுத்தாள் என்றுதானே?

சாரிடம் போனேன். முழுக்கக் கேட்டார். பிறகு, “சரி, அதுக்கென்ன இப்போ? ஒரு ஃபுட்நோட் போட்டுடு. ‘மார்டேல் லெக்சர் காண்க’ன்னு. அவ பெரியவா. உனக்கு ஃபெலோஷிப் விஷயமா நானே அவகிட்டப் பேசிண்டிருக்கேன்” என்றார்.

நான் சொன்னதற்கு, அவளைச் சாட்சி காட்டி, பேச்சியம்மாள் பெயரில் நானே அடிக்குறிப்புப் போட வேண்டுமாம். இதைவிடக் கேவலம் உண்டா?

15 டிசம்பர், புதன்

கோவளத்தில் வரவேற்பு விருந்து. ஹெலனைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என் தோளைத் தொட்டு, “ஜிஜி, படித்த பெண் ஒருத்தி, படிக்காத தொழிலாளியின் வார்த்தையைத் தன்னுடையது என்று கேட்பது எப்படித் தோன்றும், யோசித்தாயா?” என்றாள்.

வாக்கியம் என்னுடையது என்றால் நான் ஏழையின் குரலைப் பறிக்கிறவள். பேச்சியம்மாளுடையது என்றால் அதைத் தீசிஸில் வைத்த நான் திருடி. எந்தப் பக்கம் போனாலும் அடி எனக்கு. ஹெலன் மட்டும் நடுவில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பேச்சியம்மாளை யாராவது கேட்டார்களா? நானும் இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைதான் மேலே எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறேன்.

16 டிசம்பர், வியாழன்

கேட்டுவிட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்!

உரை முடிந்து கேள்வி நேரம். மைக்கோடு சுற்றிக்கொண்டிருந்தது ஷிபு, என்னோடு ஆராய்ச்சி செய்கிற பையன், அவனும் மஞ்சள் அட்டைதான். நான் கை தூக்கியதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “வேண்டாம் ஜிஜி” என்று உதட்டை அசைத்தான். மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

முதல் பக்கத்தில் இருக்கும் வாக்கியம் பேச்சியம்மாளுடையது இல்லை, என்னுடையது. நான்தான் மொழிபெயர்த்தேன், என் கருத்து என்று சொல்லித்தான் சொன்னேன் என்றேன். பேச்சியம்மாள் உண்மையில் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமா என்று கேட்டேன். தமிழிலேயே சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில்.

“இந்தம்மா அவ ஊருல இல்லாம இங்க வந்து எதுக்கு நிக்கா? அத மொதல்ல கேளு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹெலனும் சிரித்தாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். “நன்றி ஜிஜி. இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருக்காது. ஒரு வாக்கியம் யாருடையது? பேசியவளுடையதா, மொழிபெயர்த்தவளுடையதா, கேட்டவளுடையதா? நம் துறையின் கேள்வியே இதுதான்” என்றாள். கைதட்டல். என் வயிற்றெரிச்சலை எடுத்து அவளுடைய உரைக்கு முடிவுரையாக வைத்துக்கொண்டாள்.

தேநீர் இடைவேளையில் மூன்று பேர் வந்து விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள். ‘மிகவும் சுவாரசியமான அனுபவம், இதைப் பற்றி உங்களைப் பேட்டி எடுக்கலாமா?’ பேட்டியாம்! என் கட்டுரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சார் சொன்ன நெட்வொர்க்கிங் இதுதான் போலிருக்கிறது.

17 டிசம்பர், வெள்ளி

என் கால்மணி நேரம் போய்விட்டது. ஹெலனின் கலந்துரையாடல் நீண்டுவிட்டதாம், ‘நேரமின்மை காரணமாக’ கடைசி அமர்வு ரத்து. கலந்துரையாடலின் தலைப்பு – மொழிபெயர்ப்பாளரின் குரல். என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. கீழே தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சார் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“என்ன காரியம் பண்ணிட்டே? சபைல வச்சு ஒரு கெஸ்டை இப்படிக் கேக்கலாமா? அடுத்த வருஷம் அவா டிபார்ட்மெண்டுக்கு நான் போறதா இருந்தது. எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கிட்டே.”

“நான் சொன்னது நெஜம் சார்.”

“நெஜமா இருக்கட்டும், யார் இல்லேன்னா? நாலாம் சேப்டர்ல அந்த ஃபுட்நோட்டைப் போட்டுக் கொண்டு வா. அது இல்லாம நான் கையெழுத்து போட மாட்டேன்.”

நிஜமாக இருக்கட்டும் என்கிறார். நிஜம் என்று தெரிந்தேதான் போடச் சொல்கிறார்! போட மாட்டேன். தீசிஸ் அவர் மேஜையிலேயே கிடந்து மக்கட்டும்.

வெளியே ஷிபு நின்றிருந்தான். “நீ பேசினது கொள்ளாம், நல்லா இருந்தது. பக்ஷே இனி இங்க உனக்கு வேல கிட்டாது, கேட்டோ” என்றான்.

19 டிசம்பர், ஞாயிறு

பாறசாலை. சர்ச் விட்டு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டே கேட்டாள்.

“நீ எதுக்குட்டி அந்த மதாம்மைக்கிட்ட வீட்டுக் காரியம் பறஞ்ச?”

“வீட்டுக் காரியம் இல்லம்மா, அது ஆராய்ச்சி.”

“எனக்க மாப்பிளைய பொதைச்சது ஒனக்கு ஆராய்ச்சியாக்கும்.”

எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மாமேலும் கோபம் வந்தது. எல்லார்மேலும் கோபம் வருகிறது. திரும்பி வந்தபோது எனக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்திருந்தாள். “அந்த சாரு கேக்கத எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு மக்ளே” என்றாள். குழம்பை இன்னொரு கரண்டி விட்டுச் சாப்பிட்டேன்.

3 மார்ச் 2000, வெள்ளி

அடிக்குறிப்பு போடவில்லை. அவரும் கையெழுத்துப் போடவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டியூட்டோரியலில், பி.ஏ. பிள்ளைகளுக்கு ஹிஸ்டரி எடுக்கிறேன்.

12 ஜூலை 2001, வியாழன்

சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. என்னவோ என்று போனால், மேஜைமேல் ஹெலனின் புத்தகம். புதிதாக வந்திருக்கிறது.

புத்தகத்தின் பெயரே ‘அவள் ஏன் இங்கே நிற்கிறாள்?’ உள்ளே திறந்தால் பேச்சியம்மாள் பெயர் போட்டு அந்தக் கேள்வி. நான் மைக்கில் கத்தினேனே, அதே கேள்வி! புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், என் வாக்கியம் எங்கேயும் இல்லை. பேசாமல் தூக்கிவிட்டாள். என்னுடையதைக் கீழே போட்டுவிட்டு பேச்சியம்மாளுடையதை எடுத்துக்கொண்டாள். அதையும் என் வாயாலேயே வாங்கிக்கொண்டாள். நன்றிப் பக்கத்தில் ‘திருவனந்தபுரத்தில் உதவிய ஜிஜி’ என்று ஒரு வரி.

சாருக்கு வேறு கோபம். “இங்க பாரு. நாலு பக்கம் நன்றி எழுதியிருக்கா. டிரைவர் பேர் இருக்கு. கோவளத்துல காத்து வர்ற ரூமா பாத்துப் போட்டவன் நான், என் பேர் இருக்கா பாரு! நன்னி கெட்ட ஜன்மம்.”

மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூடி வைத்தார்.

“அந்த ஃபுட்நோட் ஒண்ணும் வேண்டாம். இவளுக்கு எதுக்கு நாம சைட்டேஷன் குடுக்கணும்? உன் தீசிஸ் இங்கதான் கெடக்கு” என்று மேஜை டிராயரிலிருந்து எடுத்து, என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது நிஜம் என்பதற்காகக் கிடைக்காத கையெழுத்து, அவர் பெயர் விட்டுப்போனதற்காகக் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது, ஆத்திரத்தில். ஆனாலும் அடிக்குறிப்பு இல்லாமல் என் வாக்கியம் என்னுடையதாகப் போகிறது. திங்கட்கிழமை பைண்டிங்.

14 ஜூலை 2001, சனி

சாரிடம் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வித்துரா வழியாக எஸ்டேட்டுக்குப் போனேன். நல்ல மழை. பேச்சியம்மாள் கொழுந்தை எடைக்குப் போட்டுவிட்டு அப்போதுதான் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். தலையில் பிளாஸ்டிக் தாள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

புத்தகத்தைக் காட்டி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் ஏறிவிட்டது. அவள் அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“நான் கேட்டதா? எம்பேரு போட்டிருக்காளா?”

“போட்டிருக்காக்கா.”

“பதிலு?”

“பதில் இல்ல.”

“இம்புட்டுத் தண்டி புஸ்தகம் எழுதியிருக்கா, கேட்டதுக்குப் பதில் இல்லியா?” – பலமாகச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக ஹெலனை நினைத்துச் சிரித்தேன்.

கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது, “நீயுந்தான என்னவோ எழுதுத. ஒன்னதுல உண்டா, நான் கேட்டது?” என்றாள்.

“இல்லக்கா.”

“அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்து போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

16 ஜூலை 2001, திங்கள்

நாலாம் அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். என் வாக்கியம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பேச்சியம்மாள் பெயர்கூட இல்லை, ‘ஒரு பெண் தொழிலாளி’. அந்த ஒரு வாக்கியத்துக்காக எல்லாரோடும் சண்டை போட்டேன். அவள் கேட்டதை ஒரு ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன், என் தீசிஸில் ஒரு வரி எழுதவில்லை. யார்மேல் கோபப்படுவது இனி?

பைண்டிங் கடைக்காரர் மத்தியானம் ஃபோன் செய்தார். இப்போது வேண்டாம் என்றேன்.

“அப்போ எப்ப, சேச்சி? ஒப்பு கிட்டியாச்சுன்னு சொன்னீங்களே.”

கையெழுத்துப் போட்ட பக்கம் மேஜையில்தான் இருந்தது. நாலாம் அத்தியாயம் இன்னும் எழுதவில்லை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.