டிரங்கு காலில் அப்பா பேசாமல் போனது

திண்டிவனம்
13-3-1964

சிரஞ்சீவி முருகையனுக்கு அப்பா எழுதுவது. பெருமுக்கல் ஈசன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். பிலாயில் நீயும் மருமகள் அம்சவள்ளியும் நம் வீட்டுப் புது ராணியும் நலம் என்று உன் கடிதத்தில் படித்து மனம் குளிர்ந்தது. அம்மா பிரசவ லேகியம் கிளறி மூன்று ஜாடியில் வைத்திருக்கிறாள், எனக்கு ஒரு விரல்கூடத் தொட்டுக் கொடுக்கவில்லை.

பெண் என்றதும் அப்பா டிரங்கு காலில் பேசாமல் போய்விட்டார் என்று எழுதியிருந்தாய், படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி என்றால் எனக்குக் கசக்குமா? விஷயம் வேறு. போன மாதம் இங்கே மல்லாட்டைக் கடலை மண்டி முதலாளியை யாரோ டிரங்கு லைனில் கூப்பிட்டு மண்டியைக் கொளுத்துவேன் என்று மிரட்டினான், மறுநாளே மண்டி எரிந்தது. அந்த லைனைப் போட்டுக் கொடுத்தவன் நான். நம்பர் கேட்டது யார் குரல் என்று போலீஸ் விசாரித்தபோது, பத்து வருஷமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரில் போன் பேசுகிறவர்களை எல்லாம் ஹலோவிலேயே சொல்லிவிடுகிற திமிரில், பொங்கலுக்கு மண்டியிலிருந்து நிறுத்தப்பட்ட குமாஸ்தா துரைக்கண்ணு என்று சொல்லிவிட்டேன். என் பேச்சை மட்டும் நம்பி அவனை விழுப்புரம் ஜெயிலில் அடைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உன் கால் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹலோ என்றேன், திண்டிவனமா என்று துரைக்கண்ணு கேட்டான். ஜெயிலுக்குள் இருக்கிறவன் எப்படிப் பேசுகிறான் என்று பிளக்கைப் பிடுங்கப் போனேன். அப்புறம்தான் அப்பா, பொண்ணு பொறந்திருக்குப்பா என்றாய். தூரத்து லைனில் உன் குரலும் அவன் குரலும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டன. பெற்ற பிள்ளையையே தெரியாத காதை நம்பி ஒருத்தனை உள்ளே தள்ளிவிட்டேனே என்று வாயடைத்துப் போனேன், நீ அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காலுக்கு உண்டான மூன்று நிமிஷமும் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை விழுப்புரம் கோர்ட்டில் இதையெல்லாம் அப்படியே சொன்னேன். வக்கீல் சிரித்தார், ஆபீசில் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது, வரட்டும். துரைக்கண்ணுவை விட்டுவிட்டார்கள். வாசலில் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் சண்டைக்கு வரவில்லை. அன்னிக்கு மண்டிக்கு வந்த குரலு உங்க புள்ள குரலாட்டம் கேட்டிருந்தா போலீஸ்ல சொல்லியிருப்பீங்களா சார் என்று மட்டும் கேட்டுவிட்டு, பெண்டாட்டியோடு பஸ் ஏறிப் போய்விட்டான். மூன்று நாளாக யோசிக்கிறேன் முருகையா, சொல்லியிருக்க மாட்டேன்.

வெயில் ஏறுகிறது, குழந்தையை மத்தியானத்தில் வெளியே தூக்காதே, மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பேத்தியின் குரலை முதன்முதலாகப் போனில் கேட்க எனக்கு மனசில்லை, சித்திரை பிறந்ததும் அம்மாவோடு நானும் வருகிறேன், லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா சீனுவாசன்