இருநூறு அட்டைகளில் 'இயக்குநர்'

மார்ச் 9, திங்கள். கிள்ளான். விடாத மழை.

மதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். பதினொரு நாட்களாக எழுதாமல் காலந்தாழ்த்தியமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். காரணம், பணி மிகுதி.

வரும் வெள்ளிக்கிழமை காலை 9.15, ராகு காலத்திற்கு முன்பாக, கையொப்பம். பத்தொன்பது ஆண்டுகளாக நான் திருமண அழைப்பிதழ் எழுதித் திருத்திய அச்சகம் எனதாகும். முன்பணம் கொடுத்தாயிற்று, என் சேமநிதியிலிருந்து. முழுவதும்.

முதலாளி (இனி மு.) சொன்னது: "கம்பெனியோட எடுத்துக்க தேவகி. டைரக்டர் ஆயிடலாம்." அந்தச் சொல்லுக்குப் பின் வேறெதுவும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். 'இயக்குநர்' என்று பெயர் அட்டை இருநூறு, தந்த நிறத் தாளில், நானே அச்சிட்டு வைத்துவிட்டேன்.

வாங்க: கொசுவத்தி, தக்காளி, நல்ல பேனா ஒன்று.

மார்ச் 10, செவ்வாய். மழை.

தாள் அலமாரியைத் துடைத்தேன். கட்டுகளுக்குப் பின்னால் வருமான வரிக் கடிதங்கள் நான்கு. நிறுவனத்தின் பெயருக்கு. பிரிக்கப்படாதவை. மு.விடம் நீட்டினேன்.

"சும்மா ரிமைண்டர் லா. அக்கவுண்டன் பார்த்துக்குவான்."

"அவர் இப்போது எங்கே, பாஸ்?"

"ரெண்டு வருஷமா போனே எடுக்கல." சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஏன்?

தக்காளி வாங்க மறதி.

மார்ச் 11, புதன். வெயில்.

ரயிலில் பிரிக்பீல்ட்ஸ். பக்கத்து வீட்டு ஷாமினிக்கு அங்கே வரி முகவர் அலுவலகத்தில் பணி. ஒப்பந்தத்தைக் கொடுத்து, நான்கு முறை படித்தாயிற்று, பிழை ஒன்றுமில்லை என்றேன்.

"எழுத்துப் பிழை இல்ல ஆன்டி. ஆனா நீங்க கடைய வாங்கல, கம்பெனிய வாங்குறீங்க. ஓனர் மாறினாலும் கம்பெனி அதேதான். பழைய வரி, அபராதம், ஆளுங்களுக்குக் கட்டாத சேமநிதி, எல்லாம் கூடவே வரும்."

"நான் வருவதற்கு முன் நடந்தவற்றிற்குமா?"

"கம்பெனி கட்டலன்னா டைரக்டரத் தேடி வரலாம். உங்க வீட்டுக்கே."

ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஷா. சொன்ன வழி: இயந்திரம், தாள், கடையின் வாடகை உரிமை மட்டும் எடுப்பது. என் பெயரில் புது வணிகப் பதிவு. ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி, மறக்கக் கூடாது.

"அப்படியானால் நான் யார்?"

"ஓனர் லா, ஆன்டி. அது பத்தாதா?"

மார்ச் 12, வியாழன். மேகமூட்டம்.

காலையில் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வந்தது தண்ணீர்க் கட்டணச் சீட்டு.

மு.விடம் வாய்விட்டுக் கேட்டாயிற்று. இயந்திரங்கள் மட்டும் தருவீர்களா?

"கார்டு அடிச்ச டைரக்டருக்கு இப்ப என்ன பயம்? நாளைக்கு சைன் பண்ணு. இல்லன்னா வேற ஆள் இருக்கு. முன்பணம் திரும்ப வராது."

அட்டைகளைப் பார்த்திருக்கிறார். காது வரை சூடு.

பத்தொன்பது ஆண்டு உழைப்பு அந்த முன்பணத்தில். ஆனால் கையொப்பமிட்டால், எவ்வளவு என்றே தெரியாத கடன் என் தலையில். அந்த நான்கு உறைகளை இன்னும் எவரும் பிரிக்கவில்லை.

மாலை 5. மு.வுக்குச் செய்தி. 'பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்களின் மேலான கவனத்திற்கு' என்று மூன்று முறை தொடங்கி அழித்தேன். அனுப்பியது இது:

பாஸ், கம்பெனி வேணாம். டைரக்டரும் வேணாம். மெஷினும் கடையும் மட்டும் எடுத்துக்கிறேன். முடியாதுன்னா என் முன்பணத்தத் திருப்பிக் குடுங்க. காலையில சைன் பண்ண வரமாட்டேன். சீக்கிரம் பதில் போடுங்க.