பேருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

அன்றைக்கு எஸ்டேட் ஆபீசில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேனேஜர் பாஸ்கரன், அவருடைய ஜீப் டிரைவர் சின்னப்பன், என் பேரன் செந்தில், நான், அப்புறம் கணக்கு எழுதும் ரைட்டரய்யா நீங்கள். யார் எந்த மூலையில் நின்றார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

இன்று காலை ஏற்காடு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் என் சீட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். "கண்ணு, அது பேருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டேன். "கீழதாங்க பாட்டி. சக்கரை இருக்கறவங்களுக்கு அப்படித்தான் போடுவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செந்தில் அப்போது பகுதிநேரப் பட்டாளத்தில் சிப்பாய். வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போவான். மீதி நாளெல்லாம் நம் தோட்டத்தில் காப்பிச் செடி கவாத்து, மிளகு பறிக்க மரமேற்றம். அதற்கிடையில் அஞ்சல் வழியில் டிகிரியும் முடித்தான். சிப்பாயாக இருப்பவன் ஆபீசராக வழி இருக்கிறதென்று அவனுடைய மேலதிகாரியே சிபாரிசு எழுதிக் கொடுத்துவிட்டார். பரீட்சை, நேர்காணல், உடல் சோதனை எல்லாம் பிறகு. முதலில், வெளியே அவனுக்கு நிலையான வேலை இருக்கிறது என்று தோட்டத்திலிருந்து ஒரு தாள் வேண்டும். அது இல்லாமல் மனு போகாது. மறுநாள் கடைசி நாள்.

பாஸ்கரன் தாளைத் தொடக்கூட இல்லை. "வருசா வருசம் ரெண்டு மாசம் ஓடிப்போறான். பேர அடிச்சுட்டுத் திரும்பப் புதுசாத்தான சேக்கறோம்? தற்காலிகம்னுதான் எழுத முடியும். மரம் ஏறுறவனுக்கு எதுக்கு ஆபீசர் ஆசை?" என்றார்.

செந்தில் தலையைக் குனிந்துகொண்டான். நான் உங்கள் மேல் பாய்ந்தேன். "பேர அடிச்சது இந்தாளுதானுங்க! எங்கண்ணால பாத்தேன்!"

அவன் முதல்முறை பயிற்சிக்குப் போன மாதம், ஆள்வருகை எழுதும் செக்ரோல் நோட்டில் அவன் பெயரில் நீங்கள் சிவப்புக் கோடு இழுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். அன்றோடு உங்களிடம் பேச்சை நிறுத்தினேன். ஏழு வருஷம். உங்கள் மகள் கல்யாணத்துக்கு வீடு வீடாகக் கொடுத்த லட்டை உங்கள் கண்ணெதிரே நாய்க்குப் போட்டேன். நீங்கள் குனிந்து நாயிடம், "உனக்காச்சும் புடிச்சுதா?" என்று கேட்டீர்கள். அதற்கும் சேர்த்துக் கோபம்.

அன்றைக்கு நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். பீரோவைத் திறந்து ஏழு நோட்டையும் எடுத்து மேஜையில் வைத்தீர்கள். "படி சாமி" என்றீர்கள். செந்தில் படித்தான்: "பட்டாள லீவு. பெயர் தொடர்கிறது." அடுத்த நோட்டிலும் அதே. ஏழிலும் அதே. அந்த வரியையும் அவன் பெயரையும் சேர்த்துக் கீழே சிவப்புக் கோடு.

"யாரக் கேட்டு இப்படி எழுதுனீங்க?" என்று பாஸ்கரன் கத்தினார்.

"மாசா மாசம் அடியில கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே" என்றீர்கள். வாசலில் நின்ற சின்னப்பன் இருமுவதுபோல் சிரித்தான்.

அவர் படிக்காமல் போட்ட கையெழுத்தே அவரைப் பிடித்துக்கொண்டது. நிலையான வேலை என்று நீங்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னீர்களே: "அம்மிணி, பேருக்கு மேல இழுத்தாத்தான் அடிக்கறது. கீழ இழுத்தா மரியாதைங்க."

ஒரு மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை எனக்கு.

அடுத்த மாதமே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும் என்று பாஸ்கரன் ஆள் அனுப்பினார். நாகலூர் பஸ் நிற்குமிடத்துக்கு ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தேன். வாங்கிக்கொண்டு, "நாய்க்குப் போட்டறட்டுங்களா?" என்றீர்கள். உங்கள் சம்சாரம் அப்படிச் சிரித்தார்கள். நான்தான் அழுதேன். பஸ் ஏறும்போது, "அவரு மேலயும் மனசுல எதையும் வெச்சுக்காதீங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

முதல் நேர்காணலில் செந்திலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்ல சேலத்தில் உங்கள் மகள் வீட்டுக்குப் போனபோது, நீங்கள் காலமாகி இருபது நாள் ஆகியிருந்தது. பயிற்சி முடிந்து அவன் தோளில் நட்சத்திரம் குத்த என்னைக் கூப்பிட்டார்கள். அது சட்டைத் துணியில் இறங்கவே இல்லை. "பொறுமையா குத்துங்க அம்மாயி, ரைட்டரய்யா நோட்டு எழுதறாப்புல" என்றான்.

அவன் ஊருக்கு வந்த அன்று பாஸ்கரன் சால்வையோடு வந்தார். "நம்ம எஸ்டேட் பையன்" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். செந்தில் கும்பிட்டு வாங்கிக்கொண்டான், உங்களைப் போல. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நீங்கள் பஸ் ஏறும்போது சொன்ன அது ஒன்றுதான் என்னால் முடியவில்லை. இப்போதெல்லாம் யார் மேலும் கோபம் வந்தால், கோடு மேலேயா கீழேயா என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். பாதிப் பேரை அப்படி மன்னித்து விட்டிருக்கிறேன், என் தம்பி பெண்டாட்டியைக்கூட. எனக்குள்ளும் ஒரு செக்ரோல் இருக்கிறது, ரைட்டரய்யா. அதில் உங்கள் பெயருக்குக் கீழே கோடு. மேலே கோடு விழுந்த பெயர் இனி ஒன்றே ஒன்று: மேனேஜர் பாஸ்கரன்.