கையில் கொடுக்க வேண்டிய தபால்

பனச்சமூடு
20-8-1954

என் பிரியமுள்ள ரத்னத்துக்கு,

கர்த்தர் கிருபையால் நான் தபால்காரன் ஆகிவிட்டேன். காக்கிச் சட்டை இன்னும் தரவில்லை. கல்யாணச் சட்டைதான் வெயிலில் வேகிறது. இந்த ஊர் நாய்களுக்கெல்லாம் என்மேல் அப்படி என்ன விரோதமோ தெரியவில்லை.

வேலை இப்போது தற்காலிகம்தான். போலீஸ் விசாரித்து நல்ல ரிப்போர்ட் கொடுத்தால் நிரந்தரமாக்குவார்களாம். அப்புறம் நீ ஆசுபத்திரியில் ராத்திரி டூட்டி பார்க்க வேண்டாம். கல்யாணமான நாள் முதல் நாம் கடிதத்தில்தான் குடும்பம் நடத்துகிறோம்.

ஊர் நிலவரம் சரியில்லை. போன வாரம் ஊர்வலத்தின்மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, தமிழ்ப் பகுதியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டுக் கொடி பிடித்தவர்களை வீடு வீடாகத் தேடுகிறார்கள். உன் தம்பி தேவகுமார் சுகமாக இருக்கிறான். எங்கே என்று எழுத மாட்டேன். தபால்காரனே தபாலை நம்பாத காலம்.

உன் அன்புள்ள,
சத்தியதாஸ்

நாகர்கோவில்
27-8-1954

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நாயைக் கண்டால் ஓடாதீர்கள், ஓடினால்தான் துரத்தும்.

இங்கே வார்டில் குண்டடி பட்டவர்கள் இன்னும் கிடக்கிறார்கள். மயக்கம் தெளிந்த ஒருவர், "எனக்க காலு உண்டா பிள்ளே?" என்று கேட்டார். நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

தம்பியை நினைத்தால் பயமாக இருக்கிறது. வாத்தியார் பயிற்சிக்கு அவன் மனுக் கொடுத்திருக்கிறான் அல்லவா? உத்தரவு ரிஜிஸ்டர் தபாலில் வரும். அதைப் பெயருக்குரிய ஆளின் கையில்தான் கொடுக்க வேண்டுமாமே. ஆள் ஊரில் இல்லை என்று எழுதித் திருப்பிவிடாதீர்கள் அத்தான். எப்படியாவது அவன் கையில் சேர்த்துவிடுங்கள். அந்தப் படிப்பு கிடைத்தால் கொடியைக் கீழே வைப்பான்.

தங்கள் அன்புள்ள,
ரத்னபாய்

பனச்சமூடு
8-9-1954

ரத்னம்,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேற்று, செவ்வாய்க்கிழமை, தேவகுமாருக்கு ரிஜிஸ்டர் வந்தது. தடித்த கவர், சர்க்கார் முத்திரை. நீ சொன்ன உத்தரவு என்றே நினைத்தேன். உச்சிப் பொழுதில் அவன் ஒளிந்திருந்த மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

"உத்தரவு வந்துட்டா அத்தான்?" என்று சிரித்துக்கொண்டே குடிசையிலிருந்து வெளியே வந்தான். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் பாய்ந்து பிடித்தார்கள். வேட்டி கட்டிய போலீஸ். என் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கவரை அனுப்பியதே அவர்கள்தான். உள்ளே வெறும் காகிதம். அவன் கையெழுத்துப் போட்ட சீட்டையும் வாங்கிக் கிழித்துவிட்டார்கள். பேனாவை ஒருவன் என் சட்டைப் பையில் செருகினான். "நீ போய்க்கோ தபாலே. ஒனக்க காரியத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான்.

நானும் போய்விட்டேன். மிச்சத் தபாலையும் கொடுத்து முடித்தேன்.

சத்தியதாஸ்

நாகர்கோவில்
22-9-1954

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நான் கேட்டதால்தானே கொண்டுபோனீர்கள். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது. உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் இனிமேல் நடப்பது நம் கையில் இருக்கிறது. பாறசாலை ரோட்டில் பஸ்ஸைக் கொளுத்தியபோது, செவ்வாய்க்கிழமை ராத்திரி, தீப்பந்தமும் கையுமாகத் தம்பியைப் பிடித்தார்களாம். அப்படித்தான் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவன் பிடிபட்டது உச்சிப் பொழுதில், பேனாவும் கையுமாக. அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நம் வக்கீல் உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். நான் கிழவியாகும் வரை ராத்திரி டூட்டி பார்க்கிறேன், ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். அம்மா அழவில்லை. "மருமவன் கண்டாருல்லா, அவரு சொல்லுவாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

தங்கள்,
ரத்னம்

பனச்சமூடு
18-11-1954

என் ரத்னத்துக்கு,

கேள்விப்பட்டிருப்பாய். இருந்தாலும் நானே சொல்ல வேண்டும்.

கோர்ட் வாசலில், என் பையில் பேனாவைச் செருகிய அந்தப் போலீஸ்காரர் நின்றிருந்தார். என் தோளில் கை போட்டு, "ஒனக்க ரிப்போர்ட்டு எனக்க மேசையிலயாக்கும் கிடக்குது" என்றார். உள்ளே வக்கீல் கேட்டார், அன்று உச்சிக்கு இவரைப் பார்த்தீரா என்று. தேவகுமார் கூண்டிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தான், வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்பதுபோல.

பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்கு மூன்று வருஷம் போட்டார்கள். எனக்கு நேற்று நியமன உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம், காக்கிச் சட்டையும் தந்தார்கள். நமக்காகத்தான் செய்தேன் ரத்னம். அவன் சின்ன வயது, மூன்று வருஷத்தில் வந்துவிடுவான். எனக்கு இப்படி ஒரு வேலை இனி ஆயுசில் கிடைக்காது. மாமி வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. வாசலில் வெகு நேரம் நின்றேன்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பேசி வைத்திருக்கிறேன். கிணறு உண்டு. ராஜினாமா கொடுத்துவிட்டு வா. என்னைத் திட்ட வேண்டுமானால் வந்து திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன்,
சத்தியதாஸ்

நாகர்கோவில்
2-12-1954

சத்தியதாஸ் அவர்களுக்கு,

ஜெயிலில் தம்பியைப் பார்த்தேன். இடது காது கேட்கவில்லை. அந்தப் பக்கமாக நின்று பேசினால் சும்மா சிரிக்கிறான். உங்கள்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. "அத்தான் பயந்து பேடிச்சுப் போனாவ, அக்கா. நீ ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றான். அவன் கோபப்படாததால் அதையும் நானே பட வேண்டியிருக்கிறது.

ராஜினாமா கொடுக்கவில்லை. நீங்கள் பேசிய வீட்டுக்கு வர மாட்டேன். உங்களுக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது.

அம்மாவுக்கு நானும் எழுதுவேன், தம்பியும் ஜெயிலிலிருந்து எழுதுவான். அவை உங்கள் பையில்தான் வரும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஊரில் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வதுபோல அவளுக்கும் நீங்கள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கும்படி அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள். உங்கள் பெயர் அதில் எங்கும் இருக்காது.

ரத்னபாய்