பதினான்கு மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்பியது நான்

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
தங்கள் கல்லூரியில் நில அளவைப் பிரிவில் இந்த ஆண்டு படித்து முடித்தவரின் தங்கை.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: நில அளவைப் பேராசிரியை மீதான விசாரணை – மாணவர் மதிப்பீட்டுப் படிவங்களில் உள்ள பொய்களை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேராசிரியையைப் பணியில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை கூடும் குழு முடிவு செய்யும் என அறிகிறேன். அதற்குள் இம்மனு தங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதால், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் குறைவு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினால்தான் தேர்வு நுழைவுச் சீட்டு கிடைக்கும் என்பது தங்கள் கல்லூரி விதி. அக்காவின் வகுப்பில் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு, இந்தப் பேராசிரியைக்கு மட்டும் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஒன்று போடுவது என்று முடிவெடுத்தார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'முப்பத்தஞ்சு மேடம்'. நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் அவரிடம் வாங்குவது கஷ்டம். அளவுப் புத்தகத்தில் ஓர் எண்ணை ரப்பரால் அழித்திருந்தாலும் முழுப் பயிற்சியையும் மறுபடி செய்யச் சொல்வாராம். மற்ற ஆசிரியர்கள் படிவம் வருகிற வாரத்தில் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று அள்ளிக் கொடுத்தார்கள். "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன், அவ்வளவுதான்டி விஷயம்" என்று அக்கா சிரித்தாள்.

3. நேரமில்லை என்று பதினான்கு பேர் தங்கள் பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் அக்காவுக்கு அனுப்பினார்கள். அக்கா கைபேசியை என்னிடம் நீட்டி, "நீதான் வேகமா தட்டுவியே, எல்லாத்துலயும் ஒண்ணு போட்டுடு" என்றாள். 'பிற கருத்துகள்' கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும் என்று நானே வெவ்வேறாக யோசித்து எழுதினேன். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். அன்று எனக்கு அது விளையாட்டாக இருந்தது. பேராசிரியையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

4. மாணவர்களுக்கு அனுப்பிய விசாரணை அறிவிப்பில் தாங்கள் எடுத்துக் காட்டியுள்ள "மாணவிகளை வெயிலில் நிற்க வைத்துத் தண்டிக்கிறார், கேட்டால் கேலி செய்கிறார்" என்ற வாக்கியம் என்னுடையது. அந்த மாதம் அக்காவின் முகம் கறுத்திருந்ததைப் பார்த்து நானாகச் சேர்த்துக்கொண்டது. நேற்று சாப்பிடும்போது அக்கா அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, "எவ எழுதினா இதை? நாங்க வெயில்ல நின்னப்ப எதிர்ல அளவுகோலைப் பிடிச்சுக்கிட்டு அவங்களும்தானே நின்னாங்க" என்றாள். "நீ ஏன் தட்டையே பார்த்துக்கிட்டு இருக்கே?" என்று அப்பா என்னைக் கேட்டார். வயிறு வலி என்று சொன்னேன்.

5. சென்ற வாரம் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வேலைக்கு அக்காவும் அவள் வகுப்பினர் பத்துப் பேரும் போயிருந்தார்கள். மதிப்பெண் பட்டியலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் கருவியை வைத்து, கேட்டுக்கும் வாசற்படிக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று அளக்கச் சொன்னார்கள். பயிற்சியில் அடுத்தவர் அளவைப் பார்த்து எழுதியே தப்பித்த பலருக்குக் கருவியின் மட்டம் காட்டும் குமிழியை நடுவில் நிறுத்தவே வரவில்லை. அக்கா அளந்து முடித்து, யாரும் சொல்லாமலே, சரிபார்க்கப் புறப்பட்ட இடம் வரை திரும்ப அளந்து, மூன்று மில்லிமீட்டர் பிழை இருப்பதையும் எழுதிக் கொடுத்தாளாம். "இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தா?" என்று அங்கிருந்த பொறியாளர் கேட்க, வாய் தவறி "முப்பத்தஞ்சு மேடம் சார்" என்றிருக்கிறாள். அவளுக்கு மட்டும் வேலை கிடைத்தது. அந்தப் பாடத்தில் அவள் மதிப்பெண் நாற்பத்தொன்று. அவளோடு போயிருந்த தோழி எங்கள் வீட்டுக்கு வந்து, "மத்த எல்லாத்துலயும் தொண்ணூத்திரண்டு. அதை வெச்சு நான் என்னடி பண்றது?" என்று அழுதார். அவருடைய படிவமும் நான் நிரப்பியதுதான்.

6. அக்கா திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இதனால் அவளுடைய பட்டத்தை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்துதான் நேற்றே வாயைத் திறக்கவில்லை. அவள் ஒன்று போடத்தான் சொன்னாள். அந்த வாக்கியங்களைச் சொல்லவில்லை. தண்டனை எதுவானாலும் எனக்கே கொடுக்கவும். என் பள்ளிக்குத் தெரிவித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

7. என்னை நம்ப வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை. அந்தக் கருத்துகளை முதலில் என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்து இணைத்துள்ளேன். படிவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கி, எழுதியவள் அவர் வகுப்பில் ஒருநாளும் உட்காராதவள் என்பதைப் பேராசிரியைக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். அந்தப் பதினான்கையும் படித்துவிட்டு அவர் எப்படித் தூங்குவார் என்று தெரியவில்லை.

8. பெயரில்லாத மனுவைக் கவனிக்க மாட்டார்கள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படிவங்களிலும் பெயர் இல்லை, அவற்றைக் கவனித்தீர்கள். ஆனாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் அக்காவை எழுப்பி இதைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். தங்களை விட அவளிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

இணைப்பு: நோட்டுத் தாள் ஒன்று.

நாள்: புதன், இரவு.
இடம்: வீடு.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து)
தங்கை

படித்தேன். ஒரு திருத்தம்: பதினான்கு அல்ல, பதினைந்து. என் படிவத்தை நானே நிரப்பினேன். அதிலும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நாளைக் காலை பத்து மணிக்கு இருவரும் நேரில் வருகிறோம்.
(கையெழுத்து)
அக்கா, பதிவு எண் 27