பிரிந்துவிட்டது என்று சொன்னவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ராக்கெட் ஏவுதல் நேரலை வர்ணனைக்கு ஒத்திகை. குரல் நன்றாக இருந்ததாக ஒலிப்பதிவுக்காரர் சொன்னார். எனக்கே தெரியும். இருந்தாலும் அவர் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி வாசித்துக் காட்டினேன்.

விளம்பரப் பிரிவுத் தலைவருக்கு மட்டும் திருப்தியில்லை. போன ஏவுதலில் நான் ரொம்ப மெதுவாம். ராக்கெட்டின் கீழ்ப்பகுதி திரும்பி வந்து தரையில் நின்றதை எல்லாரும் படத்தில் பார்த்து முடித்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேனாம். "போட்டிக் கம்பெனில அந்தப் பொண்ணு என்னமா பேசுது! நீங்க நேத்து செய்தி வாசிக்கிற மாதிரி சொல்றீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனிதருக்கு அந்த ஒரு முகம்தான், அதனால் நான் வைத்த பெயர் சிரிப்பு சார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் என் திரையில் பச்சை விளக்கு எரியும், அது எரிந்தால்தான் சொல்லவேண்டும், அதுதான் எங்கள் விதி என்றேன். "விதியெல்லாம் சரிதான்" என்றார், அதே சிரிப்போடு.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அவள் ஆய்வகத்தின் செயற்கைக்கோளை எங்கள் ராக்கெட்டின் மூக்கில் பொருத்தியாகிவிட்டது. பயணப்பெட்டி அளவுதான் இருக்கும். காட்டுத்தீ எங்கே பிடித்தாலும் மேலிருந்து பார்த்துச் சொல்லிவிடும். அவளுடையது அரசாங்க ஆய்வகம். அரசாங்க ராக்கெட்டில் இடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கடைசியில் எங்கள் தனியார் கம்பெனிக்கு வந்தாள். "உங்க கம்பெனியை நம்பிக் குடுத்திருக்கேன்டி, பாத்துக்கோ" என்றாள்.

"அது பிரிஞ்சு போறதை நான்தான்க்கா சொல்லப்போறேன். என் வாயால!"

எனக்குத் தலைகால் புரியவில்லை இன்று.

மார்ச் 11, செவ்வாய்

ஏவியாகிவிட்டது. எல்லாரும் சந்தோஷம். எழுதத் தெம்பில்லை. ஒன்று உறுத்துகிறது.

மார்ச் 12, புதன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். விளக்கு எரியவில்லை.

கீழ்ப்பகுதி திரும்பி வந்து அழகாக நின்றதுவரை எல்லாமே விளக்கைப் பார்த்துத்தான் சொன்னேன். கடைசியில் செயற்கைக்கோளைக் கழற்றிவிடும் நேரம். தொடர்பு விட்டுவிட்டு வந்தது, பிறகு திரை அப்படியே உறைந்து நின்றது. கடிகாரம் மட்டும் ஓடியது. பிரிய வேண்டிய நேரம் வந்தது, தாண்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு சார் கையைச் சுழற்றுகிறார் — பேசு, பேசு. இன்னொரு திரையில் அக்காவின் ஆய்வகம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா வாயில் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிவிட்டேன்: "செயற்கைக்கோள் வெற்றிகரமாகப் பிரிந்துவிட்டது."

அக்கா குதித்ததை உலகமே பார்த்தது.

தொடர்பு திரும்ப வரவே இல்லை. ராக்கெட்டின் மேல்பகுதிக்கு அதற்குமேல் மின்சாரமும் கிடையாது. வேலை முடிந்ததும் அது ஊமையாகிவிடும். ஏவுதல் இயக்குநர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். "எங்க திரையெல்லாம் உறைஞ்சு போச்சும்மா. உன்னோடது வேற தடத்துல வருது. உனக்கு விளக்கு வந்துச்சுல்ல?"

தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? சுற்றிலும் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் என் முதுகில் தட்டினார், அந்த நேரத்தில் "இல்ல சார்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிரிந்துதான் இருக்கும் என்று நினைத்தேன். எப்போதும் பிரிகிறதே. நாளைக்கே செயற்கைக்கோள் சிக்னல் அனுப்பிப் பேச ஆரம்பித்தால் விளக்காவது, கடிகாரமாவது, யார் கேட்கப்போகிறார்கள்?

மார்ச் 13, வியாழன்

பேசவில்லை.

மார்ச் 15, சனி

இன்னும் பேசவில்லை. ராடாரில் ஒரு புள்ளிதான் தெரிகிறதாம். ராக்கெட்டோடு ஒட்டிக்கொண்டே போனாலும் ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளிப் போனாலும் ஒரு புள்ளி, அவ்வளவு சின்னது என்கிறார்கள்.

அக்கா போன் செய்கிறாள், நான் குளித்துக்கொண்டிருப்பதாக என் வீட்டுக்காரரை விட்டுச் சொல்ல வைக்கிறேன். "எத்தனை தடவைடி குளிப்ப?" என்றார் அவர். அவரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

கம்பெனி அறிக்கை விட்டுவிட்டது. செயற்கைக்கோள் சரியாகப் பிரிந்தது, அது நேரலையிலேயே அறிவிக்கப்பட்டது, ஆகவே கோளாறு செயற்கைக்கோளில்தான் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் அப்படி. தவறு ராக்கெட்டில் என்றால் நாங்கள் அவர்களுக்கு இன்னொரு பயணம் தரவேண்டும். தவறு செயற்கைக்கோளில் என்றால் ஒன்றும் கிடையாது. அரசாங்கமும் அந்தத் திட்டத்தை மூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே சாட்சி என் வாய்.

சிரிப்பு சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "நல்லவேளை நீங்க அன்னைக்கு டக்குன்னு சொன்னீங்க" என்றார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. குடித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பேட்டரியை இன்னொரு தடவை குளிரில் வைத்துச் சோதிக்கலாம் என்று அவள் ஆட்கள் கேட்டார்களாம். நேரமில்லை என்று இவள் மறுத்துவிட்டாளாம். "அது நல்லபடியாத்தான் பிரிஞ்சிருக்கு. அப்புறம் செத்துப்போச்சுன்னா என் பேட்டரிதான் காரணம். நான்தான்டி அதைக் கொன்னுட்டேன்." வெள்ளிக்கிழமை தன் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி மன்னிப்புக் கேட்டாளாம். பொறுப்பிலிருந்து விலகுவதாக மேலிடத்துக்கும் சொல்லிவிட்டாளாம்.

என் மடியில் தலைவைத்து அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட எங்களையெல்லாம் அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லேன். இப்போது சொல்லேன். ஒரே வாக்கியம்தானே. ஊருக்கெல்லாம் மைக்கில் சொல்லத் தெரிந்தவளுக்கு இவள் ஒருத்தியிடம் சொல்ல வாய் வரலையா?

வரலை. அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். "விடுக்கா, விடுக்கா" என்றேன். என்னத்தை விடச் சொன்னேன்? சீ, நானெல்லாம் ஒரு மனுஷி!

மார்ச் 24, திங்கள்

விசாரணைக்கு அரசாங்க விண்வெளித் துறையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மாலையில் என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்ததா என்று அந்த அம்மா கேட்டார். எரியவில்லை, கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன், பிறகு இயக்குநரிடம் பொய்யாகத் தலையாட்டினேன் என்றேன். வக்கீல் பேனாவை மூடிவைத்தார்.

"இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

"அசிங்கமா இருந்துச்சு மேடம்."

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்யவேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மார்ச் 27, வியாழன்

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. நான் போகவில்லை. விசாரணைக் குறிப்பு இன்று அக்காவின் ஆய்வகத்துக்குப் போய்விட்டது. அவளே போன் செய்தாள்.

"அவசரப்பட்டு உளறிட்ட, சரி. எல்லாருக்கும் நடக்கும். பயந்து மறைச்ச, அதையும் விட்டுடறேன். ஆனா ஞாயித்துக்கிழமை உன் மடியில கிடந்து நான் அழுதேன்ல? அப்ப என் தலையைத் தடவிக்கிட்டு இருந்தியே, எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஐந்து தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மைக் போய்விட்டது. வேலை போகவில்லை, எஞ்சின் சோதனைக் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவேண்டிய இடம், யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு ஏற்ற இடம்தான். சிரிப்பு சார் எதிரில் வந்தால் இப்போது சிரிப்பதில்லை. அவருக்கு இன்னொரு முகமும் இருக்கிறது.

செயற்கைக்கோளைப் பிடித்திருக்கும் கவ்வியை, அதே மாதிரி ஒன்றை, உறைகுளிரில் வைத்துச் சோதித்தார்களாம். திறக்கவில்லை. அக்காவின் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அரசாங்கம் அவள் விலகலை ஏற்கவில்லை, மாற்றுச் செயற்கைக்கோளைத் தன் ராக்கெட்டிலேயே ஏற்றிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டது. செலவு எங்கள் கம்பெனி தலையில். இதெல்லாம் எனக்குச் செய்தியில் தெரிந்தது.

அம்மாவிடம் கேட்டேன், அக்கா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று. "உன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ள போயிடறா. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்றாள் அம்மா.

நவம்பர் 14, வெள்ளி

இன்று அக்காவின் இரண்டாவது செயற்கைக்கோள் போனது. கொட்டகையில் மதிய ஓய்வு. எல்லாரும் சாப்பிடப் போனபிறகு ஒரு மூலையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தேன். அரசாங்க நேரலையில் நடுவயதுக்காரர் ஒருவர், தூக்கம் வருகிற குரல். பிரியும் நேரம் வந்தது. அவர் பேசவில்லை. கடிகாரம் ஓடியது. இன்னும் பேசவில்லை. மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டானா என்று பல்லைக் கடித்தேன், பிறகு அப்படி நினைத்ததற்கே கூசியது. கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பிரிந்தது உறுதி" என்று இரண்டே வார்த்தை சொன்னார்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். அக்கா வீட்டிலிருந்துதான். பின்னால் ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருந்தது.

"சிக்னல் வந்துடுச்சாம்டி. நல்லாப் பேசுதாம். உன்கிட்ட சொல்லிடச் சொன்னா."

"அவளே சொன்னாளாம்மா?"

"அவளேதான். நானா எதுவும் சொல்லலை."

அவளிடம் ஒரு நிமிஷம் கொடுக்கிறாயா என்று கேட்டேன். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கூச்சல் அமுங்கியது, யாரோ நடந்துபோகும் சத்தம், ஒரு கதவுச் சத்தம். பிறகு அம்மா திரும்ப வந்தாள்.

"இன்னைக்கு வேணாமாம்."

"சரிம்மா" என்றேன். இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.